அழகிய கற்களும் அழுத ஆண்டவரும்



சென்ற வாரம் என் நீண்டநாள் நண்பர் ஒருவருடன் நம் புதுச்சேரியைச் சுற்றிப் பார்த்தேன். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சைவக் குடும்பத்தில் பிறந்தவர். நாம் அன்றாடம் கடந்து செல்லும் தெருக்களை விருந்தினரைப்போல் நின்று பார்ப்போமே என்று அவர்தாம் அழைத்தார்.

முதலில் இரயில் நிலையத்தின் அருகிலுள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குச் சென்றோம். காலை வெயில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே இறங்கி, தரையில் நீலமும் சிவப்புமாய்ப் பரவியிருந்தது. கண்ணாடிகளில் தீட்டப்பெற்ற 28 புனிதர்களை நண்பர் ஒவ்வொருவராய்ப் பார்த்து வந்தார். பிறகு, "ஐயா, வெளியே நின்றால் இக்கண்ணாடி வெறுங்கறுப்பு, உள்ளே வந்தவனுக்குத்தான் வண்ணம்" என்றார். அன்று பிரசங்கம் செய்தவர் அவரே!

அங்கிருந்து மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்திற்கு நடந்தோம். புனித பவுலின் பெயர் மக்கள் நாவில் மருவியதால் அது 'சம்பா கோவில்' ஆயிற்று என்பர். வெள்ளையும் பொன்னிறமுமான அதன் இரட்டைத் தூண்களைக் கண்டு, "எவ்வளவு அழகு!" என்றேன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெதுவாக, "இதன் பக்கத்தில் எங்கள் வேதபுரீசுவரர் கோவில் இருந்தது" என்றார்.

அன்பானவர்களே, இது கட்டுக்கதை அன்று. 1748 செப்டம்பரில், துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்தில், ஆங்கிலேயரின் முற்றுகைக்கு நடுவே அக்கோவில் இடிக்கப்பட்டது. ஆளுநரின் தலைமைத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்நிகழ்வை மனவேதனையோடு தம் நாட்குறிப்பில் தமிழிலேயே பதிவு செய்துள்ளார். நெடுங்காலம் அதை அகற்ற வேண்டுமென்று வற்புறுத்தியவர்களுள் அருகிலிருந்த ஆலயத்தின் குருமாரும் இருந்தனர்.

என் நாவில் உடனே ஒரு பதில் எழுந்தது: "அது கத்தோலிக்கர் காலத்துச் செய்தி, நாங்கள் சீர்திருத்தச் சபையார்." அதைச் சொல்லியும்விட்டேன். நண்பர் சிரித்தார். "அப்படியானால் 1761ஐ யார் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரம் தரைமட்டமாக்கப்பட்டபோது அந்த ஆலயமும் தப்பவில்லை. இடித்தவர்களும் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர்களே. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. நகரம் வீழ்வதற்கு நான்கு நாள்களுக்கு முன் ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடினார். அவருடைய மாளிகை அவர் பெயர் தாங்கிய தெருவில் இன்றும் நிற்கிறது: கீழே நம் ஊர் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். ஒன்றன்மேல் ஒன்று சண்டையின்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றோம்.

மாற்கு 13ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். தேவாலயத்தின் கற்களைக் கண்டு சீஷர் வியந்தபோது, அவை ஒன்றின்மேல் ஒன்று நில்லாமற்போகும் நாளை ஆண்டவர் காட்டினார். எருசலேமைப் பார்த்து அவர் கண்ணீர்விட்டதை லூக்கா எழுதுகிறார். இடிபாட்டைக் கண்டு மகிழ்ந்தவர் அல்லர் நம் ஆண்டவர்.

அழகை இரசிப்பது பாவமா? இல்லை, அழகு தேவன் தந்த ஈவு. ஆனால், அந்த அழகின் அடியில் அயலானின் கண்ணீர் இருக்குமானால், அதைக் கேளாதவர்போல் கடந்து செல்லலாகாது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி கற்பித்தவரின் பிள்ளைகள் நாம்.

அன்று விடைபெறுமுன் நண்பரின் கையைப் பற்றி, "மன்னியுங்கள்" என்றேன். "1748க்கா?" என்றார். "அதற்கு மன்னிப்புக் கேட்க நான் யார்? இன்று காலை அவசரப்பட்டு நான் சொன்ன பதிலுக்கு" என்றேன்.

இந்த வாரம் உங்கள் அயலார் ஒருவருடன் நம் நகரத் தெருக்களில் நடந்து பாருங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். கேட்கும் செவியைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.