மூன்று லீட்டுகளின் கணக்கு

ஈ.சி.ஜி. தாளில் கை கால்களிலிருந்து எடுக்கப்படும் லீட்டுகள், அதாவது இதயத்தின் மின்னழுத்தப் பதிவுகள், ஆறு. அவற்றில் எந்த இரண்டின் அளவு தெரிந்தாலும் மற்ற நான்கையும் கணக்கிட்டுவிடலாம். இந்த உறவு 1887 முதல் 1942 வரை, இரு கண்டங்களில் நடந்த ஆய்வுகளால் படிப்படியாகத் தெளிவானது.

லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர், நெஞ்சைத் திறக்காமலேயே மனித இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்ய முடியும் என்று 1887-இல் காட்டினார். பாதரசம் நிரம்பிய நுண்குழாய் மின்மானிதான் அவருடைய கருவி. இரு கைகள், இரு கால்கள், வாய் என ஐந்து இடங்களை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் பத்துச் சேர்க்கைகள் கிடைக்கும். பொதுமக்களுக்குச் செய்துகாட்டும்போது ஜிம்மி என்ற தன் நாயை உப்புநீரில் கால்களை வைத்து நிற்கச் செய்தார். ஆனால் பாதரசம் மெல்ல அசைவது. இதயத்தின் வேகமான மாற்றங்களை அதனால் உள்ளபடி காட்ட முடியவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். ஜாவா தீவின் செமராங் நகரில் 1860-இல் பிறந்தவர். முதலில் மின்மானியின் மந்தத்தைக் கணிதத்தால் திருத்தினார். பி, க்யூ, ஆர், எஸ், டி என்று இன்றும் வழங்கும் அலைப்பெயர்கள் அந்தக் காலத்தில் அவர் இட்டவை. பிறகு, வலிமையான மின்காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் கட்டி இழை கால்வனாமீட்டரை உருவாக்கினார். சுமார் 270 கிலோ எடையுள்ள அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளியின் கைகளும் காலும் உப்புக்கரைசல் நிறைந்த தொட்டிகளுக்குள் இருக்கும். கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல வழியில்லாததால், 1905-இல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு இதயத்தின் மின்குறியை அவர் வரவழைத்தார்.

வாலரின் பத்துச் சேர்க்கைகளில் ஐந்தோவன் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இடது கையின் மின்னழுத்தத்திலிருந்து வலது கையினதைக் கழித்தால் முதல் லீட். இடது காலினதிலிருந்து வலது கையினதைக் கழித்தால் இரண்டாம் லீட். இடது காலினதிலிருந்து இடது கையினதைக் கழித்தால் மூன்றாம் லீட். நலமுள்ள பெரும்பாலோரிடம் மூன்றிலும் முக்கிய அலை மேல்நோக்கி இருக்கும்படி இந்தத் திசைகள் அமைந்தன. முதல் லீட்டையும் மூன்றாம் லீட்டையும் கூட்டும்போது இடது கையின் அளவு கழிந்துபோய் இரண்டாம் லீட்டே மிஞ்சும். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் எவ்வளவு மேடு, அங்கிருந்து மூன்றாவது ஊர் எவ்வளவு மேடு என்று தெரிந்தால், முதல் ஊருக்கும் மூன்றாவது ஊருக்கும் உள்ள உயர வேறுபாட்டைத் தனியே அளக்க வேண்டியதில்லை அல்லவா? மின்சுற்றுகளுக்குக் கிர்க்காஃப் வகுத்த விதியும் இதையேதான் சொல்கிறது.

இந்தக் கூட்டல் ஒரே கணத்தின் அளவுகளுக்குத்தான் பொருந்தும் என்பது மாணவர்கள் பலர் தவறவிடும் செய்தி. மூன்று லீட்டுகளிலும் ஆர் அலையின் உச்சி ஒரே நொடித்துளியில் வருவதில்லை. ஆகவே உச்சிகளை மட்டும் அளந்து கூட்டினால் கணக்கு சற்று பிசகலாம். ஒற்றை இழைக் கருவியில் லீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடிந்தது. அதனால் வெவ்வேறு துடிப்புகளில் ஒத்த கணங்களைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது.

1913-இல் ஃபார், டி வார்ட் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஐந்தோவன் புகழ்பெற்ற முக்கோணத்தை விரிவாக விளக்கினார். இரு கைகளும் இடது காலும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகள், இதயம் அதன் மையம் என்று கொண்டால், மூன்று லீட்டுகளிலிருந்து இதய மின்விசையின் திசையைக் கோணமாகவே சொல்லிவிடலாம். கூட்டல் விதியையும் இந்த முக்கோணத்தையும் ஒன்றாகக் கருதுவது தவறு. விதி எந்த உடலுக்கும், முக்கோணத்தின் வடிவம் எதுவானாலும் பொருந்தும். சமபக்கம் என்பது கணக்கை எளிதாக்கக் கொண்ட அனுமானம் மட்டுமே. 1940-களில் நெதர்லாந்தின் புர்கரும் வான் மிலானும் மனித உடல் மாதிரியைக் கொண்டு ஆராய்ந்து, மின்னியல் நோக்கில் அந்த முக்கோணம் கோணலானது என்று நிறுவினார்கள். அதனால் கூட்டல் விதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

வேறுபாடுகளுக்கு அப்பால், தனியொரு இடத்தின் மின்னழுத்தத்தை அறிய விரும்பியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வில்சன். 1934-இல் மூன்று கம்பிகளையும் தலா 5000 ஓம் மின்தடை வழியே ஒரு புள்ளியில் இணைத்து, அந்தச் சராசரியை ஏறக்குறைய சுழியம் என்று எடுத்துக்கொண்டார். மார்பு லீட்டுகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை. ஆனால் கை கால்களில் இம்முறையில் கிடைத்த அலைகள் மிகச் சிறியவை. 1942-இல் நியூயார்க்கின் இமானுவேல் கோல்ட்பெர்கர், அளக்கப்படும் அங்கத்தின் இணைப்பை மட்டும் சராசரியிலிருந்து விலக்கினார். அலை சரியாக ஒன்றரை மடங்கானது. வலது கைக்கு ஏவிஆர், இடது கைக்கு ஏவிஎல், இடது காலுக்கு ஏவிஎஃப் என்ற மற்ற மூன்று லீட்டுகளும் பிறந்தது இப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கணத்தில் முதல் லீட் 0.5 மில்லிவோல்ட், மூன்றாம் லீட் 0.7 என்றால் இரண்டாம் லீட் 1.2. முதல், இரண்டாம் லீட்டுகளின் சராசரியை எதிர்க்குறியாக்கினால் ஏவிஆர் −0.85. முதல் லீட்டிலிருந்து மூன்றாவதைக் கழித்துப் பாதியாக்கினால் ஏவிஎல் −0.1. இரண்டாம், மூன்றாம் லீட்டுகளின் சராசரியான 0.95 ஏவிஎஃப். இம்மூன்றையும் கூட்டினால் சுழியம் வரும். சமபக்க முக்கோணத்தில் கோணம் காண ஏவிஎஃப்-ஐ முதல் லீட்டுடன் ஒப்பிடுவதானால், முதலில் அதை சுமார் 1.15-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரு வகை லீட்டுகளின் அளவுகோலும் ஒன்றல்ல.

இன்றைய எண்முறைக் கருவிகள் பொதுவாக இரண்டு லீட்டுகளை அளந்து மற்ற நான்கையும் கணக்கிட்டே அச்சிடுகின்றன. ஆகவே அந்தத் தாளில் கூட்டல் சரியாக வருவது மின்வாய்கள் உரிய இடத்தில் உள்ளன என்பதற்குச் சான்றாகாது. இரு கைகளின் கம்பிகள் இடம்மாறினால் முதல் லீட் தலைகீழாகும். இரண்டாவதும் மூன்றாவதும், ஏவிஆரும் ஏவிஎல்லும் தங்களுக்குள் இடம்மாறும். ஏவிஎஃப் அப்படியே நிற்கும். கூட்டல் விதி அப்போதும் பிசகுவதில்லை. இதயம் வலப்புறம் அமைந்தவர்களிடமும் முதல் லீட் தலைகீழாகவே இருக்கும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய மார்பு லீட்டுகளைப் பார்க்க வேண்டும்: ஆர் அலை அங்கே வழக்கம்போல் இடப்புறம் போகப் போக உயர்ந்தால் கம்பிகள் மாறியிருக்கின்றன; உயராமல் தேய்ந்துகொண்டே போனால் இதயமே வலப்புறம் இருக்கிறது.