பிளாக்பூல்: பஞ்சாலை விடுமுறையில் பிறந்த விழாக்கள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்து நிற்கும் ஊர் பிளாக்பூல். அங்கே போக நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மாதம் போகலாம்?" என்பதுதான். வேறு கடற்கரை ஊராக இருந்தால் ஜூலை, ஆகஸ்ட் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். பிளாக்பூலுக்கு அந்தப் பதில் பொருந்தாது. உலகமெங்கும் நடனக்காரர்கள் காத்திருக்கும் அதன் நடன விழா மே மாதக் கடைசியில் நடக்கிறது. அதைவிடப் பெயர் பெற்ற விளக்கு விழாவோ ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்குகிறது; காற்று குளிர்ந்து மற்றக் கடற்கரை ஊர்கள் கடையைக் கட்டும் நேரம் அது. இப்படி இரண்டு பெரிய விழாக்களும் கோடையின் இரு ஓரங்களில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நடுவில் இருந்த வாரங்களைப் பஞ்சாலைகள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தன.

லங்காஷயர் பகுதியின் பஞ்சாலை ஊர்களான ஓல்டாம், போல்டன், பர்ன்லி, பிளாக்பர்ன் போன்றவற்றில் 'வேக்ஸ்' என்றொரு பழைய வழக்கம் இருந்தது. ஊர்த் தேவாலயம் எந்தப் புனிதரின் பெயரில் இருக்கிறதோ, அவருடைய நாளையொட்டிக் கொண்டாடிய விழா அது. நம் ஊர்க் கோயில் கொடையைப் போல அன்று வேலை நிற்கும், கடை பரப்புவார்கள், வெளியூர்ச் சொந்தபந்தங்கள் வந்து சேரும். நீராவி இயந்திரங்கள் வந்து, மணியடித்தால் வேலை என்ற ஆலை ஒழுங்கு வந்த பிறகும் தொழிலாளர்கள் இந்த நாட்களை விட்டுக்கொடுக்கவில்லை. முதலாளி அனுமதித்தாலும் இல்லாவிட்டாலும் வேலைக்கு வராமல் நின்றுகொண்டார்கள். பாதி ஆட்களை வைத்துக்கொண்டு ஆலையை ஓட்டுவதைவிட மொத்தமாக மூடிவிட்டு, கொதிகலன்களைச் சுத்தம் செய்து, இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொள்வது மேல் என்று கடைசியில் முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாள் விடுமுறை சில நாட்களாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பல ஊர்களில் முழு வாரமாயிற்று.

ஒவ்வோர் ஊருக்கும் அதன் வாரம் தனி. ஒரு வாரம் ஓர் ஊர் காலியானால், அடுத்த வாரம் பக்கத்து ஊர். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை முறை வைத்தாற்போல் ரயில் ரயிலாக ஆட்கள் பிளாக்பூலில் வந்து இறங்கினார்கள். 1846-இல் ரயில் பாதை போடப்பட்டபோது அது கடலோரத்துச் சிற்றூர். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ மக்கள்தொகை 47,000-ஐத் தாண்டியிருந்தது.

அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளத்தோடு விடுமுறை தர வழிசெய்யும் சட்டம் பிரிட்டனில் 1938-இல்தான் வந்தது. அதுவரை ஆலைகளிலும் தேவாலயங்களிலும் மதுக்கடைகளிலும் நடந்த சேமிப்புச் சீட்டுகளில் வாரா வாரம் சில பென்னிகள் கட்டினார்கள். வேக்ஸ் வாரத்துக்கு முந்தைய நாட்களில் சீட்டுப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். ஆண்டு முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்று சேர்த்த காசு ஒரே வாரத்தில் கடற்கரையில் கரைந்தது.

தங்கிய விதமும் அந்தக் காசுக்கு ஏற்றபடிதான். வரிசை வீடுகளில் அறைகளை வாடகைக்கு விட்ட பெண்களே பிளாக்பூலின் உண்மையான விடுதிக்காரர்கள். வாடகை அறைக்கு மட்டும். இறைச்சி, காய்கறி, முட்டை எல்லாம் குடும்பத்தார் வாங்கி வந்து கொடுக்க, வீட்டுக்காரம்மா அவரவர் பொருளை அவரவருக்குச் சமைத்துப் போட்டார். ஒரே அடுப்பில் நான்கைந்து குடும்பங்களின் சாப்பாடு, ஒன்றோடொன்று கலக்காமல். மேசையில் வைத்த உப்பு, மிளகு, வினிகர் கிண்ணங்களுக்குத் தனிக் கட்டணம் போடும் வழக்கமும் இருந்தது. ஒரே தெருக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரே வீட்டில் வந்து இறங்கினார்கள். ஊரில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இங்கே பக்கத்து அறையில் இருந்தார்.

இவ்வளவு கூட்டம் தானாகவே வந்துகொண்டிருந்தால், நகராட்சி கைகட்டிச் சும்மா இருந்திருக்கலாம். பிளாக்பூல் அப்படி இருக்கவில்லை. 1879-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக அரிய உரிமையொன்றைப் பெற்றது: உள்ளூர் வரியில் பவுனுக்கு இரண்டு பென்னி வரை எடுத்து ஊரின் விளம்பரத்துக்கும் வாத்திய இசைக்கும் செலவிடலாம். போட்டி ஊர்களுக்கு நெடுங்காலம் வாய்க்காத சலுகை இது. ஊர் முழுக்க வரி கட்டி, ஊர் முழுக்கப் பிழைக்கும் ஏற்பாடு. பிற்கால விழாக்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த இரண்டு பென்னியில் இருக்கிறது.

அதே 1879 செப்டம்பரில் கடற்கரைச் சாலையில் எட்டு மின்சார வில் விளக்குகளை ஏற்றினார்கள். இரண்டு கரித் துண்டுகளுக்கு நடுவே பாயும் பொறியின் வெளிச்சம் அது, கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளை. எடிசன் தன் மின்குமிழ் விளக்கைப் பொதுமக்களுக்குக் காட்டியது அந்த ஆண்டின் கடைசியில்தான். வாயு விளக்கின் மங்கலுக்குப் பழகிய மக்கள் செயற்கைச் சூரியன் என்று அதைப் பார்க்கத் திரண்டார்கள்.

மின்சாரத்தின் மேல் அந்த ஊருக்கு வந்த மோகம் அதோடு தீரவில்லை. 1885-இல் பிரிட்டனிலேயே முதன்முதலாகத் தெருவில் மின்சார டிராம் ஓடியது இங்கேதான். தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கடியில் ஒரு கால்வாய், அதற்குள் மின்கம்பி, மேலே ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக வண்டி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் நன்றாக இருந்த இந்த ஏற்பாட்டைக் கடல் விட்டுவைக்கவில்லை. அலை பொங்கிச் சாலைக்கு வந்தால் உப்புநீர் உள்ளே இறங்கும். காற்றடித்தால் மணல் அடைக்கும். 1899-இல் மேலே கம்பி கட்டும் முறைக்கு மாறினார்கள். ஆனால் டிராமை மட்டும் விடவில்லை. பிரிட்டனின் மற்ற நகரங்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த காலத்திலும் பிளாக்பூல் கடற்கரையில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

பாரிஸில் ஐஃபல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த நகரத் தலைவர் ஜான் பிக்கர்ஸ்டாஃப் முன்னின்று எழுப்பிய பிளாக்பூல் கோபுரம் 1894 மே மாதம் திறக்கப்பட்டது. உயரம் 158 மீட்டர். அடியில் சர்க்கஸ் அரங்கு. ஃபிராங்க் மாச்சம் வடிவமைத்த நடனக்கூடம் 1899-இல் சேர்ந்தது. அதன் தரை மஹோகனி, ஓக், வால்நட் மரங்களின் 30,602 சிறு துண்டுகளைப் பொருத்திச் செய்தது. வருடமெல்லாம் ஆலையின் எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் நின்ற கால்கள் அந்த வாரம் இங்கே ஆடின.

நடுக்கோடை நிரம்பிவிட்டது. முன்னும் பின்னும்தான் குறை. முன்பக்கத்தை நிரப்ப 1920-இல் ஈஸ்டர் வாரத்தில் விண்டர் கார்டன்ஸ் மாளிகையின் எம்பிரஸ் நடனக்கூடத்தில் ஒரு நடன விழா தொடங்கினார்கள். புதிய நடனங்களைக் கண்டெடுப்பதற்கான போட்டி என்ற அளவில்தான் ஆரம்பம். 1931-இல் பிரிட்டிஷ் பால்ரூம் நடனப் போட்டிகள் அங்கே வந்து சேர்ந்ததும் அதன் தகுதியே மாறிவிட்டது. பிற்பாடு மே மாதக் கடைசிக்கு நகர்ந்த அந்த விழாவுக்கு இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஜோடிகள் வருகிறார்கள். ஒரு நடனக்காரர் "பிளாக்பூலில் ஆடினேன்" என்று சொன்னால் அந்த உலகத்தில் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

பின்பக்கத்துக்கு விளக்குகள். 1912 மே மாதம் இளவரசி லூயிஸ் புதிய கடற்கரைச் சாலைப் பகுதியொன்றைத் திறக்க வந்தபோது, சுமார் 10,000 மின்குமிழ்களைத் தோரணமாகக் கட்டினார்கள். அரச விருந்தாளி போனதும் கழற்றிவிட வேண்டியவைதான். ஆனால் வணிகர்கள் விடவில்லை. செப்டம்பரில் மறுபடி ஏற்றுங்கள், சீசன் இன்னும் சில வாரம் நீளும் என்று கேட்டார்கள். ஏற்றினார்கள், கூட்டம் வந்தது. இன்றைய விளக்கு விழாவின் பிறப்பு அந்தச் செப்டம்பரில்தான்.

போர் இருமுறை அதை அணைத்தது. 1914-இல் நின்ற விழாவை உடனே மீட்க முடியாமல், 1923-இல் பிரான்சின் நீஸ் நகரத்துக் கார்னிவலைப் பின்பற்றிக் காகிதக் கூழ்த் தலைகளோடு ஊர்வலம் நடத்திப் பார்த்தார்கள். மறுஆண்டும் நடத்தினார்கள், குடியும் கலாட்டாவும் மிஞ்சிப்போகவே அதைக் கைவிட்டு, 1925-இல் விளக்குகளுக்கே திரும்பினார்கள். 1939 ஆகஸ்ட் 31 அன்று வெள்ளோட்டம் பார்த்து எல்லாம் தயாராக இருந்தது. போர் மூண்டு நாடே இருட்டடிப்புக்குள் போனது. மீண்டும் எரிந்தது 1949-இல், நடிகை அன்னா நீகிள் விசையை அழுத்தியபோது.

விசையை அழுத்தியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே அந்தந்தக் காலத்துச் சாதாரண மக்களுக்கு யார் பிடித்தமானவர்கள் என்று தெரிந்துவிடும். 1951-இல் கால்பந்து வீரர் ஸ்டான்லி மாத்யூஸ். 1955-இல் சோவியத் தூதர் யாக்கோவ் மாலிக். 1977-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மூன்று முறை வென்ற ரெட் ரம் என்ற குதிரை. 1979-இல் கெர்மிட் என்ற தவளைப் பொம்மை.

இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1913-இல் லங்காஷயர் ஏற்றுமதி செய்த துணி சுமார் 700 கோடி கஜம். அதில் 300 கோடி கஜத்துக்கு மேல் இந்தியாவுக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அந்த மலிவான துணி இங்கே கைத்தறிக்காரர்களின் பிழைப்பில் கைவைத்தது; அதே துணி பர்ன்லித் தொழிலாளியின் சேமிப்புச் சீட்டுக்குக் காசானது. இந்திய ஆலைகள் வளர்ந்தன, ஜப்பான் போட்டிக்கு வந்தது, அந்நியத் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்துகொள்ள லங்காஷயர் ஆலைகள் தடுமாறின. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி, டார்வென் என்ற ஆலை ஊருக்குப் போய் வேலை இழந்தவர்களை நேரில் சந்தித்தார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துநின்று ஆரவாரிக்கும் புகைப்படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிளாக்பூலுக்கு ரயிலேறியவர்கள் அந்தப் பெண்களைப் போன்றவர்கள்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேக்ஸ் வாரங்களும் மெல்ல மறைந்தன. மலிவு விமானச் சுற்றுலா வந்ததும் வெயில் தேடியவர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். பிளாக்பூல் அடைந்த நஷ்டம் பெரிது. இங்கிலாந்தின் மிக வறிய ஊர்களில் ஒன்றாக இன்று அதைக் கணக்கிடுகிறார்கள். ஆனாலும் வெயிலை நம்பாத விழா விழவில்லை. ஸ்பெயினில் எவ்வளவு வெயில் அடித்தாலும் விளக்குப் பார்க்க இங்கேதான் வர வேண்டியிருந்தது.

ஆகவே போகத் திட்டமிடுகிறவர் முதலில் இரண்டு ஓரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடனம் என்றால் மே கடைசி. போட்டியாளர்களே விடுதிகளை நிரப்பிவிடுவதால் அறையை மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிவது நல்லது. விளக்குகள் என்றால் ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு. முன்பெல்லாம் நவம்பர் தொடக்கத்தில் அணைத்துவிடுவார்கள். 2020-இல் கொரோனாவால் பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட ஜனவரி வரை நீட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டுகளிலும் அந்த நீட்டிப்பு தொடர்ந்தது. 1912-இல் வணிகர்கள் கேட்ட அதே கோரிக்கையின் தொடர்ச்சி அது.

செப்டம்பர் தொடக்கத்தில் இருட்ட எட்டு மணியாகும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஆறு மணிக்கே இருட்டிவிடும் அக்டோபர் கடைசி வசதி. ஆனால் அப்போது பள்ளி விடுமுறை, சாலையில் கார்கள் ஊர்ந்துதான் நகரும். நெரிசல் வேண்டாதவர்கள் வாரநாளில் போகலாம். இலையுதிர்காலத்தில் நடக்கும் உலக வாணவேடிக்கைப் போட்டியின் ஓர் இரவோடு சேர்த்துத் திட்டமிட்டால் ஒரே பயணத்தில் இரண்டு விழா. மான்செஸ்டரிலிருந்து பிரஸ்டன் வழியாகப் பிளாக்பூல் நார்த் நிலையத்துக்கு ரயில் உண்டு. மழைக்கோட்டு கட்டாயம், கடற்காற்றில் குடை நிற்காது.

தோரணங்கள் தெற்கே ஸ்டார் கேட்டிலிருந்து வடக்கே பிஸ்பம் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீள்கின்றன. தெற்கிலிருந்து தொடங்குவதே சரி. முதலில் தலைக்கு மேல் சரங்கள், பிறகு கோபுரமும் கடற்பாலங்களும், பிஸ்பத்தை நெருங்கும்போது மேட்டின் மேல் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய விளக்குக் காட்சிகள். கப்பல், ரயில் வடிவில் விளக்குகளால் போர்த்திய பழைய டிராம்களும் பல ஆண்டுகளில் இந்த நாட்களில் ஓடியிருக்கின்றன. அவை ஓடும் ஆண்டில் இடம் பிடிப்பவர்கள், கடற்பக்க இருக்கை கிடைக்காவிட்டால் ஊர்ப்பக்க இருக்கையை எடுத்துக்கொள்ளலாம், காட்சிகள் இரு புறமும் வரும். பார்க்கக் கட்டணம் கிடையாது. காட்சிகள் முடியும் இடத்தில் நகராட்சி நன்கொடை திரட்டுகிறது. அங்கே விழும் காசு அடுத்த ஆண்டு விளக்குகளுக்குப் போகிறது. பார்த்தவர்கள் கடக்கும்போது முடிந்ததைப் போட்டுவிட்டுப் போகலாம்.