வெடிமருந்தைக் காத்த தோல்: திமிரியிலிருந்து ஒரு வரலாற்றுக் கேள்வி

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது நம் திமிரி. வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊரின் பெயர் பெரும்பாலும் போரை ஒட்டித்தான் வரும். 1751 செப்டம்பரில் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், சில நாட்களில் திமிரிக் கோட்டையை நோக்கிப் பீரங்கிகளோடு படை நடத்தினார். அதன் பிறகு ஆற்காட்டுக் கோட்டைக்குள் அவர் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். பாடப்புத்தகம் கிளைவின் வீரத்தோடு நின்றுவிடுகிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பீரங்கிகளை இழுத்தவர்கள் யார்? மருந்துப் பீப்பாயைத் தூக்கியவர்கள் யார்? தோட்டாப் பையைத் தைத்தவர்கள் யார்?

படை என்றால் துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் அல்ல. கம்பெனியின் சென்னைப் படையில் பீரங்கியோடு நடந்து அதைத் தள்ளவும் நிறுத்தவும் ‘கன் லஸ்கர்’ என்ற தனிப் பிரிவு இருந்தது. ஆயுதக் கிடங்குகளில் தச்சர், கொல்லர், சம்மட்டி அடிப்பவர், துருத்தி ஊதும் சிறுவன் என்று வேலை வாரியாக ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியல்களில் ‘சக்லர்’ என்றொரு பதவியும் வரும். சக்கிலியர் என்ற சாதிப் பெயரையே பதவிப் பெயராக எழுதிவைத்திருந்தார்கள். தச்சருக்குத் தொழிலின் பெயர், தோல் வேலை செய்தவருக்குச் சாதியின் பெயர்!

தோல் வேலைக்கு வெடிமருந்துக் கிடங்கில் என்ன இடம்? பழைய கருமருந்துக்கு ஒரு சின்னப் பொறி போதும். அதனால் கிடங்குக்குள் இரும்புக்கு இடமில்லை. ஆணியும் பீப்பாய் வளையமும் கருவிகளும் செம்பில் இருக்க வேண்டும். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போகக் கூடாது. பீரங்கிக்குப் பக்கத்தில் வைக்கும் மருந்துப் பீப்பாயின் வாயைத் தோலால் மூடிச் சுருக்குக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், காற்றில் பறக்கும் தீப்பொறி உள்ளே விழாமல் இருக்க. சிப்பாயின் இடுப்பில் தொங்கிய தோட்டாப் பையும் தோல்தான், மழையில் மருந்து நனையாமல் இருக்க. இன்று நாம் ‘பணியிடப் பாதுகாப்பு’ என்று படிப்பதன் பழைய வடிவம் இது. அதைத் தாங்கி நின்ற பொருள், ஊர் தீட்டு என்று ஒதுக்கிய தோல்.

வேலூரை நினைத்துப் பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு ஒரு காரணம், புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். கிறிஸ்தவராக்கப் பார்க்கிறார்கள் என்ற அச்சமும், சாதிக் குறிகளையும் தாடியையும் தடுத்த ஆணையும் அதோடு சேர்ந்துகொண்டன. அந்நிய ஆட்சிக்கு எதிரான அந்தக் கோபத்தை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இடுப்பில் தோல் இருந்தபோது வராத தீட்டு, தலைக்கு ஏறியதும் வந்துவிட்டது. தோலுக்கு நடந்ததுதான் தோலைப் பதனிட்ட மனிதருக்கும் நடந்தது. கீழே இருக்கும்வரை தேவை, மேலே வந்தால் அவமானம்.

இதைப் படையின் அமைப்பிலேயே பார்க்கலாம். 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனி பயனியர்களாகத் தொடங்கிய பிரிவு, பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனது. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி மருந்து வைப்பது இவர்கள் வேலை. முள்வேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ 1912-இல் இந்தப் பிரிவில்தான் உருவானது. அதை வடிவமைத்த அதிகாரி மெக்ளின்டாக்கின் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பிரிவில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கோட்பாடு வந்தது. தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் தென்னிந்தியர் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார்கள். மராட்டியத்தில் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. இங்கே பறையர்களுக்குச் சாப்பர்ஸும் பயனியர்களும்தான் மிஞ்சின. துப்பாக்கி பிடிக்கத் தகுதியில்லை என்று சொன்ன கைகளிடமே மண்வெட்டியையும் வெடிமருந்தையும் கொடுத்தார்கள். 1933-இல் பயனியர் படைப்பிரிவுகளையும் கலைத்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே பிரிட்டிஷாருக்கு மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சுபேதார் சுப்ரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸின் 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் அவர் குழு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒருவர் ஒரு கண்ணியை மிதித்துவிட, அது வெடிக்கும் முன் கிடைத்த ஓரிரு நொடியில் சுப்ரமணியன் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. கருவி கண்டுபிடிக்காத இடத்தை ஒரு தமிழனின் உடல் மூடியது.

நம் ஊர்த் தோல் ஷாப்புகளும் இந்த வரலாற்றுக்குள்தான் வருகின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் அதற்கு ஏற்றது. அரசே அந்தத் தோலை வாங்கி அனுப்பியது. 1917-இல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் இந்தியன் முனிஷன்ஸ் போர்டு அமைந்தபோது, தோலும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அரசின் கணக்கில் தோலும் போர்த் தளவாடம் ஆனது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவரை மட்டும் யாரும் போர்த் தொழிலாளி என்று எண்ணவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினர். ராணுவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். படையில் இடம் வேண்டும் என்றும் போராடினார், ஆலையில் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தையும் கொண்டுவந்தார். வேலை வேண்டும், அந்த வேலையில் உயிரும் மரியாதையும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதைப் பெறுவது உரிமை ஆகாது.

இது பழங்கதை அல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2018 நவம்பர் 20 அன்று மராட்டியத்தின் புல்காவ் ராணுவக் கிடங்கு அருகே, காலாவதியான வெடிபொருட்களை அழிக்கக் கொண்டுபோன இடத்தில் வெடித்து 6 பேர் இறந்தார்கள். அவர்களிலும் ஒப்பந்தக் கூலிகள் இருந்தார்கள்.

இன்று ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகள் அருவங்காட்டுக்கும் திருச்சிக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். நல்லது, போடுங்கள். 2021 அக்டோபர் 1 முதல் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நிரந்தரப் பணியில் இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தக்காரர் பிடிக்கும் கூலி வேலையில் அது கிடையாது. ஆபத்தான வேலை ஒப்பந்தத்துக்குப் போகப் போக, பழைய ‘லஸ்கர்’ புதுப் பெயரில் திரும்பி வருகிறான்.

போபாலுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று எச்சரிக்கத் தொழிலாளிக்கே உரிமை உண்டு என்று அது எழுதிவைத்தது. அந்த ஒரு வரிக்காகப் பல்லாயிரம் உயிர்கள் போயின. எந்த ஆலை வாசலில் நின்றாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள் தோழர்களே: நான் தொடும் பொருள் என்ன? எனக்கு யார் பயிற்சி தருவார்கள்? வெடித்தால் என் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

நம் முன்னோர் தைத்த தோல், பொறி விழாமல் மருந்தைக் காத்தது. அவர்களின் பெயரைக் காக்க ஒரு பதிவேடுகூட இல்லை. இனி அந்தப் பதிவேட்டை எழுத வேண்டியவர்கள் நாம்.