கொம்பு முளைத்த டான்ஸர்

1996 மார்ச். கறுப்பு வெள்ளையில் ஒரு சுரங்கம். லண்டனில் மூடிக் கிடந்த ஆல்ட்விச் பாதாள ரயில் நிலையம். நடுமண்டையைச் சிரைத்து, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி முடியை நிறுத்திய ஒரு மனிதர் கேமராவுக்குள்ளேயே புகுந்துவிடுவது போல வந்து முழிக்கிறார். கண்ணைச் சுற்றி மை. தோளும் தலையும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. டி.வி.யில் இதைப் பார்த்துக் குழந்தைகள் மிரண்டார்கள். பெற்றோர்கள் பி.பி.சி-க்குப் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். பலன்? பாட்டு மூன்று வாரம் பிரிட்டனில் நம்பர் ஒன்!

பாட்டின் பெயர் 'ஃபயர்ஸ்டார்ட்டர்'. தீ வைக்கிறவன். குழுவின் பெயர் தி ப்ராடிஜி. மனிதரின் பெயர் கீத் ஃப்ளின்ட். ஃப்ளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். பரம்பரைப் பெயரே பற்றவைக்கிற பெயர்தான்!

வேடிக்கை என்ன தெரியுமா? இந்தப் 'பாடகர்' அதுவரை ஒரு ரெக்கார்டில்கூடப் பாடியது கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அவர் வேலை.

ஃப்ளின்ட் 1969-ல் பிறந்தவர். வளர்ந்தது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பிரெய்ன்ட்ரீ என்கிற சின்ன ஊர். எழுத்துகள் குழம்பித் தெரிகிற டிஸ்லெக்ஸியா பிரச்னை. பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. கூரை வேய்கிற வேலைக்குப் போனார். எண்பதுகளின் கடைசியில் 'ரேவ்' என்கிற ராத்திரிக் கொண்டாட்டங்கள் இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டின. கிடங்கு, வயல்வெளி எங்கே வேண்டுமானாலும் ஸ்பீக்கரை இறக்கு, விடிய விடிய ஆடு. உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இசை போட்ட பையன் லியாம் ஹவ்லெட். 'எனக்கு ஒரு டேப் பதிவு பண்ணித் தா' என்று ஃப்ளின்ட் கேட்டார். லியாம் ஒரு பக்கத்தில் மற்றவர்கள் இசையையும், மறுபக்கத்தில் தான் போட்ட இசையையும் பதிந்து கொடுத்தார். மேலே 'ப்ராடிஜி' என்று கிறுக்கியிருந்தது. அது அவர் வைத்திருந்த ஸின்தஸைஸரின் மாடல் பெயர்!

மறுபக்கத்தைக் கேட்ட ஃப்ளின்ட்டும் நண்பர் லீராய் தார்ன்ஹில்லும் ஓடி வந்தார்கள். 'இதை மேடையில் வாசி. நாங்கள் ஆடுகிறோம்.'

இந்த யோசனையின் அருமை சாதாரணமில்லை. எலெக்ட்ரானிக் இசையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. கிடார்காரர் துள்ளுவார், டிரம்மர் வியர்ப்பார். மெஷின் என்ன செய்யும்? ஒருத்தர் குனிந்து பட்டன் அமுக்குவதை எத்தனை நேரம் பார்ப்பது? மெஷின் போடுகிற சத்தத்துக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது. ஃப்ளின்ட் கொடுத்தது அதைத்தான்.

அரசாங்கத்துக்கு இந்த ஆட்டமெல்லாம் பிடிக்கவில்லை. 1994-ல் ஒரு சட்டம் வந்தது. திறந்தவெளியில் கூடும் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம். எந்த மாதிரி இசை? 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தாளத்துக்கு நாடாளுமன்றம் விளக்கம் சொன்ன விநோதம்! ஏற்கெனவே பயந்துபோயிருந்த ஒரு தேசத்தின் முன்னால்தான் இரண்டு வருஷம் கழித்து அந்தக் கொம்பு வந்து நின்றது.

லியாம் போட்டு வைத்திருந்த ஒரு வெறும் இசைத்துண்டைக் கேட்டுவிட்டு, 'இதில் நான் ஏதாவது பண்ணிப் பார்க்கட்டுமா?' என்று ஃப்ளின்ட் கேட்டதில் பிறந்ததுதான் 'ஃபயர்ஸ்டார்ட்டர்'. வரிகளும் அவருடையவை. அடுத்த வருஷம் 'தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்' ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். ஆட வந்தவர் ஒரு தலைமுறையின் முகமாகிவிட்டார்.

கொம்பைக் கழற்றிவைத்தால் ஆள் எப்படி? எஸ்ஸெக்ஸில் ப்ளெஷி என்ற கிராமத்தில் ஒரு பழைய பப் நடத்தினார். குளிருக்குக் கணப்பை மூட்டக் குனிவார். 'ஆஹா, தீ வைக்கிறவரே வந்துட்டார்!' என்று யாராவது ஜோக்கடிப்பார்கள். ஜோக்குக்கு ஒரு பவுண்டு அபராதம்! பக்கத்திலேயே உண்டியல். பணம் தர்மத்துக்கு. நாய்கள் வளர்த்தார். பைக் பைத்தியம். அவருடைய ரேஸ் டீம் 2015-ல் 'ஐல் ஆஃப் மேன்' பந்தயத்தில் இரண்டு ரேஸ்களை ஜெயித்தது.

2018 நவம்பரில் வந்த ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம். 2019 மார்ச் 2, சனிக்கிழமை. பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓடி, தன்னுடைய சிறந்த நேரத்தைப் பதிவுசெய்தார். திங்கட்கிழமை காலை வீட்டில் இறந்து கிடந்தார். வயது 49.

தற்கொலை என்று லியாமே துக்கத்தோடு அறிவித்தார். உலகம் அதையே எழுதியது. ஆனால், மே மாதம் மரண விசாரணை நடத்திய அதிகாரி, அவர் சாக நினைத்துத்தான் செய்தார் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார். வெறும் விளையாட்டு விபரீதமாகியிருக்கலாம் என்பதற்கும் இடம் வைத்தார். முடிவு திறந்தே இருக்கிறது. முடியைப் பார்த்து ஆளைத் தீர்மானித்தவர்கள் நிறையப் பேர். அந்த அதிகாரி மட்டும் அவசரப்படவில்லை.

மார்ச் 29. பிரெய்ன்ட்ரீ தெருக்களில் ரசிகர்கள் வரிசை கட்டி நின்றார்கள். சர்ச்சுக்குள் இடம் போதாது. உள்ளே நடந்த பிரார்த்தனையை வெளியே ஸ்பீக்கர் வைத்துக் கேட்க வைத்தார்கள். ஸ்பீக்கரைத் தேடிப் போய் ஆடிய பையனை அந்த ஊர் ஸ்பீக்கர் வைத்தே வழியனுப்பியது.