கீழ்ப்பாக்கம்: உள்ளே போனவர் திரும்பி வருவாரா?

"கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டிய ஆள்" என்று ஒருவரைக் கேலி செய்வது சென்னைப் பக்கத்தில் வழக்கம். ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. சொல்பவருக்கு அது வேடிக்கை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனநோய் கண்டவர்களின் காதில் அச்சொல் எப்படி விழும்?

காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கல்லூரியில் வந்து பார்த்தார். அவருடைய மகன் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன், வயது பத்தொன்பது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். அறைக்குள்ளேயே கிடந்தான். யாருமில்லாதபோதும் குரல்கள் கேட்பதாகச் சொன்னான்; சோற்றில் விஷம் கலந்திருப்பதாக அஞ்சி உண்ண மறுத்தான். எட்டு மாதம் மந்திரித்துப் பார்த்தாகிவிட்டது. இப்போது டாக்டர் ஒருவர், சில வாரங்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்கிறார். தந்தை கேட்டது ஒரே கேள்விதான்: "சார், கீழ்ப்பாக்கத்துல சேத்தா பையன் திரும்பி வருவானா?"

அன்று எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் இதைப் பற்றிப் படித்தபோதுதான், அக்கேள்வியில் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருப்பது புரிந்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

இளமையில் தாக்கும் நோய்

கடுமையான மனநோய்களுள் முக்கியமானது மனச்சிதைவு. இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற அச்சமும் சந்தேகமும் கொள்வது, எண்ணங்கள் தொடர்பின்றிச் சிதறுவது, எதிலும் நாட்டமின்றி ஒதுங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இது தலைகாட்டுகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. படித்து முடித்து, வேலை தேடி, வாழ்க்கையைத் தொடங்கவேண்டிய பருவம் அல்லவா அது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின் இந்நோய்க்கு, 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இந்நோய் கண்டவர்கள் படிப்படியாகச் சீர்கெட்டே போவார்கள் என்ற எண்ணம் அப்பெயரிலேயே இருந்தது. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யூஜின் பிளாய்லர், எல்லாரும் அவ்வாறு அழிந்துபோவதில்லை என்று கண்டு, 1908இல் மனச்சிதைவு என்று பொருள்படும் புதுப் பெயரை முன்வைத்தார். பெயர் மாறியது, ஆனால் நம்பிக்கையின்மை அவ்வளவு எளிதில் மாறவில்லை.

சுவரும் பூட்டும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வாலண்டைன் கொனாலி 1794இல் சென்னையில் ஒரு மனநோயாளர் விடுதியைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில்தான் பாரிஸ் நகரில் பிலிப் பினெல் என்னும் மருத்துவரின் காலத்தில், மனநோயாளர்களின் சங்கிலிகளை அகற்றும் முயற்சி தொடங்கியது. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் 1796இல் ஓர் இல்லம் திறந்தார். அங்கே விலங்குக்குப் பதில் அன்பும் ஒழுங்கான வேலையும் மருந்தாகக் கொள்ளப்பட்டன.

ஆனால் நம் நாட்டில் ஆங்கிலேயர் அமைத்த விடுதிகளின் முதல் நோக்கம் சிகிச்சை அன்று, காவல்தான். தெருவில் திரிபவரையும் கலகம் செய்பவரையும் அடைத்து வைக்கும் இடமாகவே அவை இருந்தன. ஐரோப்பியருக்குத் தனி இடம், இந்தியருக்குத் தனி இடம். இன்றைய கீழ்ப்பாக்கம் வளாகத்தில் 1871இல் அரசு மனநோயாளர் விடுதி திறக்கப்பட்டது. 1858இலும் 1912இலும் வந்த சட்டங்களின்படி, ஒருவரை உள்ளே அனுப்பப் பொதுவாக மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புவதைப் போன்ற நடைமுறை இது! 1922இல் 'விடுதி' என்ற பெயர் 'மனநோய் மருத்துவமனை' என்று மாறியது. ஆயினும் உயர்ந்த மதிற்சுவர் அப்படியே நின்றது.

டாக்டர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் கையில் மருந்து ஏதும் இல்லை. 1930களில் இன்சுலினைக் கொடுத்து நோயாளியை மயக்க நிலைக்குக் கொண்டு செல்லும் முறை வந்தது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் இருவர் மின்சிகிச்சையைத் தொடங்கினர். 'ஷாக்' என்றால் இன்றும் மக்கள் நடுங்குகிறார்கள். உண்மையில் தலையில் வைக்கும் மின்வாய்களின் வழியே சில விநாடிகள் மட்டுமே மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் மூளையில் ஒரு வலிப்பு தூண்டப்படுகிறது. அக்காலத்தில் மயக்க மருந்தின்றியே இதைச் செய்தார்கள். வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்ததும் உண்டு. இன்று மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதைச் சட்டமே தடுக்கிறது.

மூலிகையும் சாயப்பொருளும்

மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதைக் கல்கத்தாவின் டாக்டர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் எழுதி வெளியிட்டனர். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

அதே 1952இல் பாரிஸ் நகரில் ழான் டிலே, பியேர் டெனிகர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாயப்பொருள் வேதியியலில் பிறந்த ஃபீனோதையசின் என்னும் சேர்மத்தின் வழிவந்தது இது. ஆர்ப்பரித்த வார்டுகள் அமைதியடைந்தன. நோயாளிகள் உறங்கிவிடவில்லை, பேசத் தொடங்கினார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? மூளையில் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்ப வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று டோபமின். அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் பூட்டைப் போன்றவை. டோபமின் சாவியைப் போன்றது. மருந்து அந்தப் பூட்டின் துளையை அடைத்துக்கொள்கிறது, ஆனால் பூட்டைத் திறப்பதில்லை. இதனால் வரம்பு மீறிய செய்திகள் தணிகின்றன. இந்த ஆராய்ச்சிக்கு 1963இல் வழிகாட்டியவர் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன். டோபமின் பற்றிய பணிகளுக்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். கை நடுக்கம், உடல் பருத்தல் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. உண்ண மறுப்பவரையும், தம் உயிருக்கே தீங்கு தேடக் கூடியவரையும் அந்த வாரங்களில் உடனிருந்து கவனித்து, மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தங்கிச் சிகிச்சை பெறுவதன் தேவை இதுவே. ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டிய காரணம் பெரும்பாலோர்க்கு இல்லாமற் போய்விட்டது.

கூடாரங்கள் கற்பித்த பாடம்

மருந்து மட்டும் போதுமா? இக்கேள்விக்கு 1950களில் அமிர்தசரஸில் ஓர் எளிய விடை கிடைத்தது. அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். நோய் இன்னது, மருந்து இன்னது, நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை இன்னது என்று அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பிள்ளையை வெறிபிடித்த நிலையில் கொண்டுவந்த தாயே, அவன் படிப்படியாகத் தெளிவதையும் கண்ணால் கண்டாள். அச்சம் போயிற்று, வீட்டுக்கு அழைத்துச் செல்லும் துணிவு வந்தது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் இவ்வழியையே பின்பற்றியது. அங்கு நோயாளியுடன் உறவினரும் தங்குவார். மேலை நாடுகளில் குடும்பத்தைப் பிரித்துவைத்துச் சிகிச்சை செய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், இங்கே ஆள் வசதியும் பண வசதியும் குறைந்த நிலையில் கண்ட வழி, சிறந்த வழியாகவே அமைந்துவிட்டது.

கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். அவர் காலத்தில் வெளிநோயாளிப் பிரிவு வளர்ந்தது. நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவமனையில் குணமானவர் வெளியே போய் என்ன செய்வார் என்ற கவலை அவரை விடவில்லை. ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 'ஸ்கார்ஃப்' என்று வழங்கும் அந்நிறுவனம், நோயாளிகள் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி பெறும் இல்லங்களையும் நடத்தி வந்தது. 2021இல், தமது 98ஆம் வயதில் அவர் காலமானார்.

1981இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை டாக்டர் தாராவும் அவருடன் பணிபுரிந்தோரும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலோரின் அறிகுறிகள் வெகுவாகத் தணிந்திருந்தன. பலர் வேலை பார்த்தனர்; மணம் புரிந்தனர். எல்லாரும் அல்லர்; சிலர் மீளவில்லை. ஆயினும் 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்ற பழைய தீர்ப்பு பொய்யாயிற்று.

ஏர்வாடித் தீ

இவ்வளவு அறிந்தபின்னும் ஒரு கொடுமை நிகழ்ந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர்.

தொலைவிலிருந்து வந்து அங்கே பிள்ளைகளை விட்டுச் சென்ற குடும்பங்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடலாமா? அருகில் மருத்துவ வசதி இல்லை. கீழ்ப்பாக்கம் என்றால் அவமானம். அந்த இரண்டுக்கும் நடுவே சங்கிலி புகுந்துகொண்டது. அந்நிகழ்ச்சிக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்கிறது. தாமே விரும்பிச் சேரும் வயது வந்தவர், பொதுவாகத் தாமே விரும்பி வெளியேறவும் உரிமை பெற்றிருக்கிறார். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சிறப்பு விதிகள் உண்டு: தங்கிச் சிகிச்சை என்பது வேறு வழி போதாதபோதுதான், பெரியவர்களிடமிருந்து தனி இடம் தரவேண்டும், சிகிச்சைக் காலம் முழுவதும் பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்தவரோ உடன் தங்க வேண்டும், முப்பது நாளுக்கு மேல் நீடித்தால் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமிர்தசரஸின் கூடாரத்தில் பிறந்த வழக்கம், அறுபது ஆண்டு கழித்துச் சட்டத்தின் வரியாகிவிட்டது எனலாம்!

சட்டம் எழுதினால் மட்டும் படுக்கைகள் முளைத்துவிடா. மாவட்ட மருத்துவமனைகளில் இளைஞர்களுக்கென்று தனி வார்டுகள் போதிய அளவில் இன்னும் அமையவேண்டும். எனினும் முதல் உதவி தேடுவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய சேவை இது.

தந்தைக்குச் சொன்ன விடை

காட்டுப்பள்ளிக்காரரை மறுபடி சந்தித்தபோது, நான் படித்தறிந்ததை எடுத்துச் சொன்னேன். "திரும்பி வருவானா என்று கேட்டீர்கள். நீங்களும் கூடப் போய்த் தங்கினால், வருவதற்கு வழி அதிகம்" என்றேன். அவர் வலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அரசு மருத்துவமனை ஒன்றில் மகனோடு ஐந்து வாரம் தங்கினார்.

பையன் திரும்பி வந்தான். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். பட்டப்படிப்பில் இரண்டு தாள்கள் இன்னும் பாக்கி. சில நாள்களில் யாரோடும் பேசப் பிடிக்காமல் கரையில் தனியே உட்கார்ந்திருப்பான் என்று தந்தை சொல்கிறார். முழு வெற்றி என்று இதைக் கூற மாட்டேன். அந்த எட்டு மாதத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கலாம். மனநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பும் கூடும் என்பதே ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை.

அந்த எட்டு மாதத்தை வீணாக்கியதில் நம் கேலிப் பேச்சுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை வகுப்பிலோ பஸ்ஸிலோ ஒருவரைப் பார்த்து "கீழ்ப்பாக்கம்" என்று சொல்ல வாயெடுக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் வீட்டில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்.