காப் சான் தியேகோ

காப் சான் தியேகோ, ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் சரக்குக் கப்பல். கன்டெய்னர் என்ற பெரிய சரக்குப் பெட்டகம் வருவதற்கு முன் கடல் வணிகம் நடந்த முறையை, இயங்கும் எஞ்சினோடு இன்றும் காட்டும் அரிய சான்று இது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி தன் வணிகக் கப்பல்களை இழந்தது. பெரிய கப்பல் கட்டவும் அதற்குத் தடை இருந்தது. 1950களின் தொடக்கத்தில் தடை விலகியதும், ஹாம்பர்க் சூட் என்ற கப்பல் நிறுவனம் தென் அமெரிக்கத் தடத்தில் மீண்டும் கால் பதித்தது. அத்தடத்துக்கென ஒரே வகையில் கட்டப்பட்ட ஆறு விரைவுக் கப்பல்களில் இதுவே கடைசி. கட்டியது டாய்ச்சே வெர்ஃப்ட் என்ற கப்பல் கட்டும் நிறுவனம். நீளம் 159 மீட்டர். வேகம் மணிக்குச் சுமார் 20 கடல் மைல். கட்டடக் கலைஞர் சேசர் பின்னாவ் அந்த ஆறு கப்பல்களுக்கும் தந்த எடுப்பான வெண்ணிறத் தோற்றத்தால், 'தென் அட்லாண்டிக்கின் வெள்ளை அன்னங்கள்' என்ற பெயர் நிலைத்தது.

பணிக்காலம்

1962இல் பணியில் இறங்கிய கப்பல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐரோப்பாவுக்கும் பிரேசில், அர்ஜென்டினா துறைமுகங்களுக்கும் இடையே ஓடியது. போகும்போது இயந்திரங்களும் ரசாயனங்களும். திரும்பும்போது காப்பிக்கொட்டை, பருத்தி, குளிரறைகளில் இறைச்சி. பன்னிரண்டு பயணிகளுக்கும் இடம் இருந்தது; அதற்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும்.

மூட்டை, பெட்டி, பீப்பாய் என ஒவ்வொன்றையும் கப்பலின் சொந்தப் பாரந்தூக்கிகள் தனித்தனியே ஏற்றி இறக்கின. எந்தத் துறைமுகத்தில் எது முதலில் இறங்கும், பாரம் ஒரு பக்கம் சாயாதிருக்க எதை எங்கே வைப்பது என்று அதிகாரிகள் முன்கூட்டியே திட்டமிட்டார்கள். மணமுள்ள சரக்கின் அருகே காப்பியை வைத்தால் மணம் ஏறிக் கெட்டுவிடும். இந்தத் தேர்ச்சிக்கு விலையும் இருந்தது: ஒவ்வொரு துறைமுகத்திலும் நாள்கணக்கில் நிற்க வேண்டும்.

ஓய்வும் மீட்பும்

அந்தக் காத்திருப்பைக் கன்டெய்னர் சில மணி நேரமாகச் சுருக்கியது. வேகமும் அழகும் இருந்தும் இவ்வகைக் கப்பல்கள் போட்டியில் நிற்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் விற்கப்பட்ட காப் சான் தியேகோ, பெயர் மாறிச் சில ஆண்டுகள் உழைத்தது. 1986இல் உடைப்புக்குப் போகவிருந்த நிலையில் ஹாம்பர்க் நகரம் அதை வாங்கியது. ஓய்வுபெற்ற மாலுமிகள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் பல்லாண்டு உழைத்து அதைச் சீர்செய்தார்கள். அவர்களின் பராமரிப்பால் கப்பல் இன்றும் தன் சொந்த எஞ்சினில், பார்வையாளர்களுடன் எல்பே ஆற்றில் ஓடுகிறது.