புளித்த கள்ளும் புதிய பீரும்

பீர் என்பது மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த பானம் என்று பொதுவாகக் கூறுவர். பெயரளவில் அது சரியே. ஆயின், முளைத்த தானியத்தை இடித்துக் கலந்து, புளிக்கவைத்துப் பிழிந்தெடுக்கும் தொழிலைப் பற்றியும் அவ்வாறே சொல்லிவிட முடியாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருணிக்கப்படுகிறது. அங்கே குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுகின்றனர். அகன்ற வாயுடைய தட்டில் அதனை ஆறவிடுகின்றனர். பின்னர் உரையாசிரியர் நெல்முளை என்று பொருள் கொள்ளும் ஒன்றை அதனோடு அளைகின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையச் செய்து, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிகின்றனர். சுட்ட மீனோடு அதனைப் பாணர் பெறுவர் என்கிறது பாட்டு. தானியம் முளைக்கும்போது அதிலுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் பிறக்கிறது. வாற்கோதுமையைக் கொண்டு ஜெர்மானியர் செய்வதும், நெல்லைக் கொண்டு நம் வலைஞர் செய்ததும் இந்த ஒரே வித்தைதான். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ ஒன்றே நம்மிடம் இல்லை.

இச்செய்தி நினைவுக்கு வந்த இடம் நூலகம் அன்று. ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு பீர்க்கடை. தேக்காவிலிருந்து நடக்கும் தொலைவுதான். நண்பர் ஐவர் அங்கே மாதம் ஒரு முறை கூடுகின்றனர். குடிப்பதற்காக அன்று, சுவை பார்ப்பதற்காக என்று அவர்கள் வற்புறுத்திச் சொல்வர். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. சிறு கண்ணாடிக் குவளைகளில் நாலைந்து மிடறு அளவே ஊற்றப்படும். வெளிர்நிறத்தது முதலில், கறுத்ததும் கடுமையானதும் கடைசியில். இடையிடையே தண்ணீர். நிறம், நுரை, மணம், நாவில் முதலில் படுவது, விழுங்கிய பின் தங்குவது என ஒவ்வொன்றையும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதுகிறார். வாதம் நடக்கிறது. பொறுமையாகக் கேட்டால் புலவர் அரங்கேற்றம் போலவே இருக்கும்.

இவ்வாறு பீரை வகைப்படுத்தி ஒப்பிடும் வழக்கம் இன்றைய உருவில் மிகப் பழையதன்று. மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் (பாடகர் வேறு, இவர் வேறு) 1977இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி நூல் அதற்கு வித்திட்டது. ஆனால் மதுவின் தன்மையை உவமையால் அளந்து சொல்லும் வழக்கம் நம் சங்கப் புலவரிடம் இருந்தது. நாட்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேளை உவமை கூறுகிறார் ஔவையார். சிறுபாணாற்றுப்படை சினந்த பாம்பை நினைக்கிறது. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்மது திருமுருகாற்றுப்படையில் வருகிறது. மேனாட்டார் மரப்பீப்பாயில் முதிரவைப்பதற்கு ஒத்தது அது. இத்தனைக்கும் பின்னர் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் பீர் காய்ச்சும் பெருந்தொழில் 1930களில் நிலைபெற்றது. பிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹாலந்து நாட்டு ஹைனக்கனும் கூடி 1931இல் மலாயன் புரூவரீஸைத் தொடங்கின. 1932இல் டைகர் பீர் வெளிவந்தது. ஏறத்தாழ அதே சமயம் ஜெர்மானியர் ஆர்க்கிபெலகோ புரூவரியை நிறுவி ஆங்கர் பீரை விற்றனர். இரண்டும் அலெக்சாந்திரா சாலைப் பகுதியிலேயே இருந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் ஜெர்மானியர் சொத்து பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று; 1941இல் மலாயன் புரூவரீஸ் அதனை வாங்கிக்கொண்டது. அப்பகுதியில் இன்று ஏ.பி.சி. என்ற எழுத்துக்களோடு உணவங்காடி ஒன்று இருப்பதற்கு இந்த ஆர்க்கிபெலகோ கம்பெனியே காரணம். அங்கே சாப்பிடுவோரில் எத்தனை பேர் அதனை எண்ணிப் பார்ப்பர்?

சிறு அளவில் காய்ச்சும் கடைகள் வெகு பிந்தியவை. 1997இல் ஆற்றங்கரையில் புரூவர்க்ஸ் தோன்றியது. ஆர்க்கிபெலகோ என்ற பழம்பெயரே 2006இல் புத்துயிர் பெற்று, உள்ளூர் மூலிகைகளையும் நறுமணப் பொருள்களையும் சேர்த்துக் காய்ச்சத் தொடங்கியது. வீட்டில் தமக்கென்று காய்ச்சிக்கொள்ள 2004 முதல் சட்டம் இடந்தந்தது. குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டர் என வரம்பு. கழிவுநீரைத் தூய்மைப்படுத்திப் பெறும் நீவாட்டரில் காய்ச்சிய பீரும் 2018இல் அறிமுகமாகி 2022இல் கடைகளுக்கு வந்தது.

இவையெல்லாம் ஒருபுறம். இனித் தமிழர் பானத்திற்கு வருவோம்.

இந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளியின் பானம் பீரன்று, தென்னங்கள்ளே. பீர் அவன் கூலிக்கு எட்டாதது. தென்னம்பாளையைச் சீவிப் பானை கட்டினால் வடியும் நீர், சுண்ணாம்பு தடவாத பானையில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. யாரும் நுண்ணுயிரைச் சேர்ப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் பானையிலும் இருப்பதே போதும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹால் ஏறிவிடும், சாதாரண பீரின் அளவு. மறுநாள் அது காடியை நோக்கிப் போகும்.

கள்ளுக்கடைகள் அரசாங்கக் கட்டுப்பாட்டில் நடந்தன. ரப்பர்த் தோட்டங்களில் துரைமாரே கடை வைத்திருந்தனர். மாலையில் கொடுத்த கூலி இரவுக்குள் திரும்பி வந்துவிடும் ஏற்பாடு அது. தமிழ்ச் சீர்திருத்தவாதிகள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. தாயகத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். இங்கே 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. துரையின் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கள் எதிர்ப்பின் பொருள் விளங்கும். அது வெறும் ஒழுக்கப் பிரசாரமன்று, மானத்தின் கணக்கு. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர்.

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் 1979இல் மறைந்தன. அதே 1979இல்தான் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசு தந்த அனுமதி நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய சிறுகாய்ச்சல் இயக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. தற்செயல்தான். ஆயினும் ஒரு கரையில் கதவு அடைபட, மறுகரையில் திறந்தது.

ஜாலான் புசார் கூட்டத்துக்கு மீள்வோம். அன்று கடைசியாக வந்தது பெல்ஜிய நாட்டு லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த பள்ளத்தாக்கில் காய்ச்சிய சாற்றை அகன்ற திறந்த பாத்திரத்தில் இரவு முழுதும் ஆறவிடுவர். காற்றில் வரும் நுண்ணுயிர்களே அதில் குடியேறும். பிறகு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை மரப்பீப்பாயில் கிடக்கும். விலையைச் சொன்னால் வாசகர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவர். குறிப்பேட்டு நண்பர் ஈரமான வைக்கோல், பழுத்த ஆப்பிள், குதிரைப் போர்வை என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

எங்களுள் மூத்தவர் எழுபதை நெருங்குபவர். இளமையில் தகப்பனாரைத் தேடிக் கள்ளுக்கடை வாசலுக்குப் போனவர். அதுவரை எதையும் புகழாதிருந்த அவர், குவளையை முகர்ந்து, ஒரு வாய் வைத்து, கீழே வைத்தார்.

“தம்பி, இது நேத்துக் கள்ளுப்பா,” என்றார்.

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விடியற்காலைக் கள்ளின் இனிப்பு, உச்சிப்பொழுதின் சுருக்கு, மாலையின் கடுப்பு, மறுநாளின் புளிப்பு என நான்கு நிலைகளைப் பிரித்துரைத்தார். மழைநாட்கள்ளில் நீர் ஓங்கும் என்றார். நீர் கலந்து விற்றவனைத் தம் தகப்பனார் ஒரே மிடற்றில் கண்டுபிடித்துவிடுவாராம். தகப்பனாருக்கு எழுத்து வாசனை கிடையாது; குறிப்பேடும் கிடையாது. அந்த மூக்குக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. “குடிகாரன்” என்று மட்டும் வைத்தனர்.

சீர்திருத்தவாதிகளை இங்கே குறைகூற நான் துணியேன். கூலி வீடு வந்து சேராத குடும்பங்களை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். மூத்தவரும் அவர்கள் பக்கமே பேசினார். அந்தக் கடை மூடியபோது தம் தாயார் விளக்கேற்றினார் என்றார். எனினும், இழிவானது வறுமையும் அதனைச் சுரண்டிய ஏற்பாடும். புளித்த தென்னஞ்சாறு அன்று. அவ்வேறுபாட்டை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.

தேக்காவில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்தை வாசகர் அறிவர். 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி மண்டலங்களாக்கி, அங்கே வார இறுதிகளுக்குக் கூடுதல் தடை விதித்தது. புல்தரையில் ஞாயிறன்று கூடும் தொழிலாளிக்கு ஒரு விதி, கூரையின் கீழே விலை கொடுத்து அமர்ந்தவனுக்கு வேறு விதி. பத்தரைக்கு மேலும் எங்கள் வாதம் தடையின்றி நடந்தது.

அன்று பிரியும்போது குறிப்பேட்டு நண்பர் தம் மூன்று உவமைகளையும் அடித்துவிட்டு, லாம்பிக்குக்கு எதிரே தமிழில் இரண்டு சொல் எழுதினார்: நேற்றைய கள்.